சோடியம் எலக்ட்ரானை விருப்பப்பட்டா கொடுக்கிறது? அணுக்கள் ஏன் பிணைகின்றன?

தேன்மொழி_11 எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். வேதிப் பிணைப்புப் பாடத்தில் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

சோடியத்தின் வெளிக்கூட்டில் ஒரு எலக்ட்ரான். அதைக் கொடுத்துவிட்டால் நியானின் அமைப்பு வந்துவிடும். குளோரினுக்கு ஒன்று குறைகிறது, வாங்கிக்கொண்டால் ஆர்கானின் அமைப்பு. இரண்டுக்கும் எட்டு, இரண்டும் நிலைப்புத்தன்மை அடைகின்றன, உப்பு உருவாகிறது. பத்தாம் வகுப்பிலிருந்து இப்படித்தான் எழுதி மார்க் வாங்குகிறேன்.

ஆனால் இதற்கு முந்தைய பாடத்தில் அயனியாக்கும் ஆற்றல் அட்டவணை இருக்கிறது. ஒரு மோல் சோடியம் அணுக்களிடமிருந்து எலக்ட்ரானைப் பிரிக்க 496 கிலோஜூல் நாம் செலவு செய்ய வேண்டுமாம். குளோரின் அந்த எலக்ட்ரானை வாங்கும்போது வெளிவருவது 349 தான். கழித்துப் பார்த்தால் 147 கிலோஜூல் நஷ்டம். நஷ்டத்தில் முடிகிற ஒரு வேலையை இரண்டு அணுக்களும் எதற்காகச் செய்ய வேண்டும்? வகுப்பில் கேட்டேன், "எண்ம விதி அப்படி" என்று பதில் வந்தது. எனக்கு மனது ஒப்பவில்லை.

---

கரும்பலகை எழுதியது:

தேர்வுக்கு அந்தப் பதில் போதும். எட்டு எலக்ட்ரான் வந்தால் நிலைப்புத்தன்மை, அதுதான் உந்துவிசை. நீட் தேர்விலும் இதற்கு மேல் ஆழமாகக் கேட்பது குறைவு. முதலில் லூயிஸ் அமைப்பு, அதாவது எலக்ட்ரான்களைப் புள்ளிகளாக வைக்கும் படம், வரைவதில் கை பழகட்டும், காரணங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

---

உப்பளம் எழுதியது:

தேன்மொழி, உன் கழித்தல் சரி. அந்த 147ஐப் பார்த்துத் திகைத்தாயே, அங்கேதான் பாடமே ஆரம்பிக்கிறது. கரும்பலகை சாரிடம் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இந்தக் கேள்வியை "அப்புறம்" என்று தள்ளி வைத்தால் பல பிள்ளைகளுக்கு அந்த அப்புறம் வருவதே இல்லை. கல்லூரி முதலாண்டில் வந்து உட்காருகிறவர்களிடம் முப்பது வருடமாக இதைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

ஒரு சோடியம் அணுவையும் ஒரு குளோரின் அணுவையும் வெற்றிடத்தில் வெகு தொலைவில் வைத்தால் எலக்ட்ரான் கைமாறவே மாறாது. நீ சொன்ன நஷ்டம்தான் காரணம். சோடியம் எதையும் கொடுக்க விரும்பவில்லை. எல்லா அணுவையும்போல அதுவும் தன் எலக்ட்ரானைப் பிடித்து வைத்திருக்கிறது. பிடி மற்றவற்றைவிடக் கொஞ்சம் தளர்வு, அவ்வளவுதான்.

இப்போது இரண்டையும் மெல்ல நெருக்கு. எலக்ட்ரான் மாறினால் ஒரு பக்கம் நேர்மின் அயனி, மறுபக்கம் எதிர்மின் அயனி. எதிரெதிர் மின்சுமைகளின் கவர்ச்சியால் ஆற்றல் குறையும். எவ்வளவு குறையும் என்பதைக் கூலும் விதியே சொல்லிவிடும்: 1,38,900ஐத் தொலைவால் வகுத்துக்கொள். தொலைவை பிக்கோமீட்டரில் போட்டால் விடை ஒரு மோலுக்கு இத்தனை கிலோஜூல் என்று வரும். அந்த விடை 147 ஆவது ஏறத்தாழ 945 பிக்கோமீட்டரில். அதைவிட நெருங்கினால் கைமாற்றம் லாபம், விலகினால் நஷ்டம்.

சோடியம் குளோரைடு ஆவியில் தனித்த இணையாக இருக்கும்போது இரண்டுக்கும் இடைவெளி 236 பிக்கோமீட்டர். அங்கே கவர்ச்சி 589 கிலோஜூல். உள்கூட்டு எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் அதில் கொஞ்சம் போகும். போனாலும் 147 நஷ்டத்தை அடைத்து மீதி நிறைய நிற்கிறது.

ஆனால் நம் உப்பு ஆவியில் இல்லை, படிகமாக இருக்கிறது. அங்கே ஒவ்வொரு சோடியம் அயனியையும் சுற்றி ஆறு குளோரைடு, 282 பிக்கோமீட்டர் தொலைவில். அதற்கு அடுத்த சுற்றில் பன்னிரண்டு சோடியம், அவை தள்ளும். அதற்கடுத்து எட்டு குளோரைடு, அவை இழுக்கும். இப்படி முடிவில்லாமல் போகும் கூட்டல் கழித்தலைச் செய்தால் ஒரு இணையின் கவர்ச்சியைப்போல 1.7476 மடங்கு கிடைக்கிறது. மேடலுங் மாறிலி என்பது இதுதான். 138900ஐ 282ஆல் வகுத்து 1.7476ஆல் பெருக்கு, 861 வரும். விலக்கு விசைக்காக ஒரு பத்து சதவீதம்போலக் கழித்தால் படிகக்கூடு ஆற்றல் 787 என்று அட்டவணையில் இருக்கும் எண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிடுவாய்.

ஆக, உப்பு உண்டாவதற்குக் காரணம் எட்டு அல்ல. அயனிகள் நெருங்கி அடுக்கிக்கொள்ளும்போது குறைகிற இந்த 787 தான் காரணம்.

---

வல்வை மைந்தன் எழுதியது:

ஐயா வடிவாகச் சொல்லிவிட்டார். எங்கள் உயர்தரப் பிள்ளைகளுக்கு நான் இதையே போன்-ஏபர் வட்டத்தில், அதாவது சேர்மம் உருவாகும் ஒவ்வொரு படியின் சக்தியையும் கூட்டிக் கழிக்கும் கணக்கில் வைத்துத்தான் காட்டுவேன். தங்கச்சி, நீங்கள் வளிநிலை அணுக்களிலிருந்து கணக்கைத் தொடங்கியிருக்கிறீர்கள். ஆய்வுகூடத்தில் நாங்கள் தொடங்குவது திண்மச் சோடியத்திலும் குளோரீன் வாயுவிலும். அப்போ இன்னும் இரண்டு செலவு சேரும்.

திண்மச் சோடியத்தை ஆவியாக்க 107. அரை மூல் குளோரீன் மூலக்கூறைப் பிரிக்க 121. இலத்திரனை (எலக்ட்ரானை) அகற்ற 496. குளோரீன் ஏற்கும்போது திரும்புவது 349. சாலகம், அதாவது ஐயா சொன்ன படிகக்கூடு, அமையும்போது வெளிவருவது 787. கூட்டிக் கழித்தால் −412. பரிசோதனையில் அளந்தால் −411. கணக்கு இப்படி வந்து பொருந்துவதைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் சந்தோசம்தான்.

கவனியுங்கோ, இந்த வட்டத்தில் "எட்டு" என்ற எண் ஒரு இடத்திலும் வரவில்லை.

---

கரும்பலகை எழுதியது:

அயனிப் பிணைப்பில் நீங்கள் சொல்வது சரி. சகப் பிணைப்பில்? அங்கே அயனியும் இல்லை, படிகக்கூடும் இல்லை. இரண்டு ஹைட்ரஜன் ஆளுக்கொரு எலக்ட்ரானைப் பங்கிட்டு ஹீலியம் அமைப்பை அடைகின்றன. நைட்ரஜன், ஆக்சிஜன், மீத்தேன், நீர், எதை எடுத்தாலும் பங்கீட்டில் நிறைவடைகிறது. இதை விட்டுவிட்டு ஒரு பதினாறு வயதுப் பிள்ளைக்கு வேறு எதைச் சொல்வது? 1916இல் லூயிஸ் இணை எலக்ட்ரான் கருத்தைச் சொல்லி நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னமும் உலகம் முழுக்க அதை வைத்துத்தான் மூலக்கூறு வரைகிறார்கள். அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டாமா?

---

குவாண்டம் குமரன் எழுதியது:

மதிப்பு நிச்சயம் உண்டு. லூயிஸ் அதை எழுதியபோது குவாண்டம் இயக்கவியலே பிறக்கவில்லை. கையில் ஒன்றும் இல்லாமல் அந்த மனிதர் புள்ளி வைத்துக் கண்டுபிடித்தது இன்றைக்கும் பெரும்பாலான கரிமச் சேர்மங்களுக்குப் பொருந்துகிறது. ஆனால் அந்தப் புள்ளிகள் எது எதோடு சேரும் என்று சொல்லும். ஏன் சேர்கிறது என்று சொல்லாது.

ஹைட்ரஜனையே எடுப்போம். இரண்டு அணுக்கருவும் நேர்மின், ஒன்றையொன்று தள்ளும். இரண்டு எலக்ட்ரான்களும் ஒன்றையொன்று தள்ளும். ஆனால் ஒவ்வொரு எலக்ட்ரானையும் *இரண்டு* கருக்கள் இழுக்கின்றன. அணுக்கள் நெருங்கும்போது எலக்ட்ரான் முகில் இரு கருக்களுக்கும் இடைப்பட்ட பகுதியில் சற்றுக் கூடுதலாகத் திரளும். அங்கே இருக்கும்போது இரண்டு பக்க இழுப்பும் கிடைக்கிறது. மொத்த ஆற்றல் குறைந்துகொண்டே வந்து 74 பிக்கோமீட்டரில் அடித்தளத்தைத் தொடுகிறது. அதற்கும் உள்ளே போனால் கருக்களின் விலக்கல் மேலோங்கி ஆற்றல் சட்டென்று ஏறும். அந்தப் பள்ளத்திலிருந்து ஒரு மோல் மூலக்கூறுகளை அணுக்களாக வெளியே எடுக்கத் தேவைப்படுவது 436 கிலோஜூல். 1927இல் ஹைட்லரும் லண்டனும் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை வைத்து இந்தப் பள்ளம் இருப்பதை முதன்முதலாகக் கணக்கில் காட்டினார்கள்.

இப்போது கரும்பலகை சாருக்கு ஒரு மூலக்கூறு. ஹைட்ரஜன் மூலக்கூறிலிருந்து ஒரு எலக்ட்ரானை எடுத்துவிடுங்கள். மிச்சம் இரண்டு புரோட்டான், ஒரே ஒரு எலக்ட்ரான். இணை கிடையாது, ஹீலியம் அமைப்பு கிடையாது. லூயிஸ் கணக்கில் இது நிற்கவே கூடாது. ஆனால் நிற்கிறது. பிணைப்பு நீளம் 106 பிக்கோமீட்டர், பிரிக்க வேண்டிய ஆற்றல் சுமார் 256 கிலோஜூல். விண்வெளியின் வாயு மேகங்களில் நடக்கும் வேதியியலில் இந்த அயனிக்கு முக்கியப் பங்கு உண்டு. ஒற்றை எலக்ட்ரானே இரண்டு கருக்களைக் கட்டிப்போட முடியும் என்றால், பிணைப்பின் வேர் "இணை"யில் இல்லை என்றுதானே ஆகிறது?

ஒரு பின்குறிப்பு, மேலே படிக்க விரும்புகிறவர்களுக்கு. "நடுவில் திரள்வதால் நிலையாற்றல் குறைகிறது" என்று நான் சொன்னது எளிய வடிவம். 1962இல் ரூடன்பெர்க் இதை விரிவாகப் பிரித்துப் பார்த்து, எலக்ட்ரானுக்கு இரண்டு அணுக்களிலும் பரவ இடம் கிடைப்பதால் இயக்க ஆற்றல் தணிவதுதான் தொடக்கக் காரணம் என்று வாதிட்டார். அந்த விவாதம் இன்றும் ஓய்ந்தபாடில்லை. மொத்த ஆற்றல் குறைகிறது என்பதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

---

சும்மா படிக்க வந்தவன் எழுதியது:

ஒற்றை எலக்ட்ரான் பிணைப்பா! இதை யாரும் எங்களுக்குச் சொல்லவே இல்லையே.

---

தாவரவியல் தேவி எழுதியது:

நான் உயிரியல் எடுப்பவள், ஒரு சந்தேகம். குமரன் சொல்வதைப் பார்த்தால் பிணைப்பை உடைக்க ஆற்றல் *செலவாகும்*. ஆனால் எங்கள் பாடத்தில், செல்களுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறின் பாஸ்பேட் பிணைப்பை உடைத்தால் ஆற்றல் *வெளிவரும்*, அதில் "உயர் ஆற்றல் பிணைப்பு" இருக்கிறது என்று நடத்துகிறோம். எரிபொருளிலும் அப்படித்தானே, பிணைப்புக்குள் ஆற்றல் அடைபட்டிருக்கிறது, எரித்தால் வெளியே வருகிறது? இரண்டில் எது சரி?

---

உப்பளம் எழுதியது:

தேவி மேடம், பிணைப்பை உடைத்தால் எப்போதும் செலவுதான். இதற்கு விதிவிலக்கே தேட வேண்டாம். வரவு எல்லாம் புதுப் பிணைப்பு உண்டாகும்போதுதான்.

மீத்தேனை எரிப்பதை எடுங்கள். ஒரு மோல் மீத்தேனில் நான்கு கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புகள், ஒவ்வொன்றும் சுமார் 413. மொத்தம் 1652. இரண்டு மோல் ஆக்சிஜனைப் பிரிக்க 498 வீதம் 996. ஆகச் செலவு 2648 கிலோஜூல். இதுவரை ஒரு துளி வெப்பம்கூட வெளிவரவில்லை. தீக்குச்சி கிழித்தால்தான் அடுப்பு பற்றுகிறது என்பதற்கும் அடிப்படை இந்தச் செலவுதான். முதல் சில பிணைப்புகள் உடைய வெளியிலிருந்து ஆற்றல் தர வேண்டும்.

அடுத்தது வரவு. கார்பன் டை ஆக்சைடில் இரண்டு இரட்டைப் பிணைப்புகள், ஒவ்வொன்றும் 799. மொத்தம் 1598. இரண்டு நீர் மூலக்கூறுகளில் நான்கு ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்புகள், 463 வீதம் 1852. வரவு 3450. வித்தியாசம் 802 கிலோஜூல். அதுதான் சுடராக வருகிறது. மீத்தேனுக்குள் வெப்பம் ஒளிந்திருக்கவில்லை. ஆக்சிஜனின் பிணைப்பு, அதன் இடத்தில் வரப்போகும் பிணைப்புகளைவிட வலுக்குறைவு. அந்த இடைவெளிதான் வெப்பம்.

ஏடிபியிலும் இதே கதை. அங்கே பாஸ்பேட் பிணைப்பு மட்டும் தனியாக அறுந்து போவதில்லை. நீர் மூலக்கூறு உள்ளே வருகிறது, அதன் பிணைப்பும் உடைகிறது, அப்புறம் புதுப் பிணைப்புகள் உண்டாகின்றன. பக்கம் பக்கமாக நெருக்கியிருந்த எதிர்மின்சுமைகள் விலகி, விளைபொருள்களை நீர் நன்றாகச் சூழ்ந்துகொள்கிறது. இவை எல்லாவற்றின் நிகரம்தான் நீங்கள் நடத்தும் 30.5 கிலோஜூல். "உயர் ஆற்றல் பிணைப்பு" என்ற சொல்லைக் கேட்டுவிட்டு என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு, உடைத்தால் செலவு என்பதைப் புரியவைக்கப் படாத பாடு பட வேண்டியிருக்கிறது. தயவுசெய்து உங்கள் வகுப்பில் இந்த மீத்தேன் கணக்கை ஒரே ஒரு முறை போட்டுக் காட்டுங்கள்.

---

தாவரவியல் தேவி எழுதியது:

போட்டுக் காட்டுகிறேன் சார். நன்றி.

---

கரும்பலகை எழுதியது:

சரி, ஒரு நேர்க் கேள்வி. எட்டு முக்கியமில்லை என்றால் மந்த வாயுக்கள் ஏன் எதோடும் சேர்வதில்லை?

---

வல்வை மைந்தன் எழுதியது:

சேர்கின்றன. 1962 மார்ச்சில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நீல் பார்ட்லெட் காட்டினார்.

அவர் அங்கே போன வழிதான் அருமை. பிளாட்டினம் எக்சாபுளோரைட்டு என்பது கடுஞ்சிவப்பு வாயு, இலத்திரனைப் பறிப்பதில் பயங்கரச் சாமான். அது ஒட்சிசன் மூலக்கூறிடமிருந்தே இலத்திரனைப் பிடுங்குகிறது என்று முதலில் கண்டுபிடித்தார். பிறகு அட்டவணையைப் பார்த்தால், ஒட்சிசன் மூலக்கூறின் அயனாக்கற் சக்தியும் மந்த வாயுவான செனனின் அயனாக்கற் சக்தியும் கிட்டத்தட்ட ஒன்று. மூலுக்கு 1170 கிலோயூலுக்குக் கிட்ட. ஒட்சிசனில் நடந்தால் செனனிலும் நடக்க வேண்டுமே என்று இரண்டு வாயுவையும் சேர்த்தார். உடனே மஞ்சள் நிறத் திண்மம் படிந்தது. அந்த வருடத்துக்குள்ளேயே வேறு ஆய்வாளர்கள் செனன் தெத்திராபுளோரைட்டையும் செய்துவிட்டார்கள்.

பார்த்தீர்களோ, அவருக்கு வழிகாட்டியது தேன்மொழி தங்கச்சி முதல் பதிவில் பார்த்த அதே அயனாக்கற் சக்தி அட்டவணைதான். எட்டு இருக்கிறது, ஆகவே நடக்காது என்று எல்லோரும் நம்பியதால் செய்து பார்க்க ஆள் குறைவாக இருந்தது. ஈலியத்துக்கும் நியோனுக்கும் இலத்திரனை இழக்க வேண்டிய செலவு மிக அதிகம். அதனால் அவை பெரும்பாலும் ஒதுங்கி நிற்கின்றன.

---

குவாண்டம் குமரன் எழுதியது:

எட்டு என்ற விதியை மீறுகிறவை பக்கத்திலேயே நிறைய உண்டு. போரான் டிரைபுளோரைடில் போரானைச் சுற்றி ஆறு எலக்ட்ரான்கள்தான். சல்பர் ஹெக்சாபுளோரைடில் சல்பரைச் சுற்றி ஆறு பிணைப்புகள், அதாவது பன்னிரண்டு எலக்ட்ரான்கள். நைட்ரிக் ஆக்சைடில் மொத்தமே பதினொரு இணைதிறன் எலக்ட்ரான்கள், எப்படிப் பங்கிட்டாலும் ஒன்று தனியாக நிற்கும். நாம் மூச்சு விடும் ஆக்சிஜன்கூட லூயிஸ் படத்துக்கு அடங்காது. படத்தில் எல்லா எலக்ட்ரானும் இணையாக இருக்கும், ஆனால் திரவ ஆக்சிஜனைக் காந்தத்தின் முனைகளுக்கு நடுவே ஊற்றினால் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இணை சேராத எலக்ட்ரான்கள் இரண்டு அதில் இருப்பதுதான் காரணம்.

---

உப்பளம் எழுதியது:

படிகத்தைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுவிட்டது. நாம் வாய் கூசாமல் "உப்பு மூலக்கூறு" என்கிறோம். படிகத்தில் அப்படி ஒன்று கிடையாது. எந்தச் சோடியமும் எந்தக் குளோரைடுக்கும் சொந்தமில்லை. ஆறு பேரும் சமம். 1913இல் பிராக் தந்தையும் மகனும் எக்ஸ் கதிரை வைத்து இதைக் கண்டார்கள், 1915இல் நோபல் பரிசும் வந்துவிட்டது. ஆனாலும் 1927இல் ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங் என்ற மூத்த வேதியியலாளர் நேச்சர் இதழுக்கு மிகவும் கோபமாகக் கடிதம் எழுதினார். சதுரங்கப் பலகைபோல அயனிகளை அடுக்கி உப்பை விளக்குவது பகுத்தறிவுக்கே ஒவ்வாது என்பது அவருடைய கட்சி. மூலக்கூறு இல்லாத சேர்மத்தை அவரால் ஏற்கவே முடியவில்லை.

அதனால், தேன்மொழி, புள்ளி வைத்து ஒரு சோடியத்திலிருந்து ஒரு குளோரினுக்கு அம்புக்குறி போடும்போது உன் மனதில் அந்த ஆறு அண்டை அயனிகளும் இருக்கட்டும். அம்புக்குறி மட்டும் பார்த்தால் 801 டிகிரி செல்சியஸ் வரை உப்பு ஏன் உருகுவதில்லை என்று புரியாது.

---

தேன்மொழி_11 எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. உட்கார்ந்து எல்லாக் கணக்கையும் நானே ஒரு முறை போட்டுப் பார்த்தேன். அப்புறம் வேறு ஒரு கேள்வி வந்தது. படிகக்கூடு ஆற்றல்தான் முக்கியம் என்றால், சோடியம் இரண்டு எலக்ட்ரானை இழந்து இரண்டு குளோரினோடு சேர்ந்தால் இன்னும் அதிகம் கிடைக்குமே? ஏன் அது நடக்கவில்லை?

நானே முயற்சி செய்தேன். அப்படி ஒரு சேர்மத்துக்கு அட்டவணை எண் இல்லாததால் பக்கத்திலிருக்கும் மக்னீசியம் குளோரைடின் 2526ஐ எடுத்துக்கொண்டேன். ஆவியாக்க 107, குளோரினைப் பிரிக்க 242, முதல் எலக்ட்ரானுக்கு 496, இரண்டாவதுக்கு 4562. மொத்தச் செலவு 5407. வரவு, குளோரின் இரண்டுக்கும் 698, படிகக்கூடு 2526, ஆக 3224. அப்படியானால் 2183 நஷ்டம். அந்த 4562 ஒன்றே எல்லாவற்றையும் கெடுத்துவிடுகிறது. சரியா?

---

உப்பளம் எழுதியது:

மிகச் சரி அம்மா. அந்த 4562 ஏன் இவ்வளவு பெரிது என்பதையும் சேர்த்துக்கொள். இரண்டாவது எலக்ட்ரான் உள்கூட்டில் இருக்கிறது. கருவுக்குப் பக்கம், நடுவில் மறைப்பும் குறைவு. எண்ம விதி பலிக்கும் இடங்களில் எல்லாம் பின்னால் இருப்பது இந்தச் செங்குத்தான ஏற்றம்தான். கரும்பலகை சார் சொன்ன விதி பொய்யல்ல. இந்தக் கணக்கின் விடையைச் சுருக்கி வைத்திருக்கிறது.

---

கரும்பலகை எழுதியது:

அப்படிச் சொன்னால் எனக்கும் உடன்பாடே. ஆனாலும் விதியை முதலில், கணக்கை இரண்டாவதாக என்ற வரிசையை நான் மாற்றமாட்டேன். அறுபது பேர் உட்காரும் வகுப்பு என்னுடையது.

---

வல்வை மைந்தன் எழுதியது:

தங்கச்சி, இன்னொன்று செய்து பாருங்கோ. மகனீசியம் ஒரே ஒரு இலத்திரனை இழந்து ஒரு குளோரீனோடு சேர்ந்தால்? ஆவியாக்க 148, முதல் அயனாக்கற் சக்தி 738. சாலகத்துக்குச் சோடியம் குளோரைட்டின் 787ஐயே எடுக்கலாம்.

---

தேன்மொழி_11 எழுதியது:

148, 121, 738 கூட்டினால் 1007. வரவு 349, 787 சேர்ந்து 1136. அப்படியானால் −129. லாபம்தான் வருகிறதே அண்ணா! ஆனால் அப்படி ஒரு உப்பைக் கடையில் பார்த்ததில்லை. ஏன்?

கொஞ்சம் நேரம் யோசித்தேன், இது சரியா என்று சொல்லுங்கள். அதையே இரண்டு மோல் எடுத்தால் −258. அதே அணுக்கள் ஒரு மோல் மக்னீசியம் குளோரைடாகவும் ஒரு மோல் மக்னீசிய உலோகமாகவும் மாறினால் −641. இன்னும் கீழே போக வழி இருப்பதால் அது அங்கே நிற்காமல் பிரிந்துவிடும்.

---

வல்வை மைந்தன் எழுதியது:

அதேதான். லாபமா என்று மட்டும் கேட்டால் போதாது, இதைவிடத் தாழ்ந்த இடம் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

---

குவாண்டம் குமரன் எழுதியது:

இதோடு தொடர்புள்ள ஒன்று. 2013இல் சயின்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது. மிகக் கடுமையான அழுத்தத்தில் ஒரு சோடியத்துக்கு மூன்று குளோரின் உள்ள சேர்மத்தையும், மூன்று சோடியத்துக்கு ஒரு குளோரின் உள்ள சேர்மத்தையும் செய்து காட்டியிருந்தார்கள். எண்ம விதிப்படி இரண்டும் கூடாதவை.

---

தேன்மொழி_11 எழுதியது:

அப்படியானால் என் கணக்கில் எந்த எண் மாறுகிறது? அயனியாக்கும் ஆற்றலா, படிகக்கூடா?

---

உப்பளம் எழுதியது:

புதிதாக ஒரு உறுப்பு சேர்கிறது: அழுத்தம் பெருக்கல் கனஅளவு. நம்மைச் சுற்றியுள்ள ஒரு வளிமண்டல அழுத்தத்தில் திண்மங்களுக்கு இந்த உறுப்பு ஒரு மோலுக்குச் சில ஜூல்தான், அதனால் நாம் எழுதுவதே இல்லை. ஆழ்ந்த அழுத்தத்தில் அதுவே நூற்றுக்கணக்கான கிலோஜூலாக வளர்ந்து மற்ற எண்களோடு போட்டியிடும். எந்த அடுக்கு குறைந்த இடத்தில் அடங்குகிறதோ அதற்கு அங்கே சாதகம். உப்பின் ஒரு மோலுக்குக் கனஅளவு 27 கன சென்டிமீட்டர். அழுத்தம் பத்து லட்சம் வளிமண்டலம் என்று வைத்து நீயே பெருக்கிப் பார். உப்பும் அங்கே சுருங்கும் என்பதால் உண்மை எண் அதைவிடக் குறையும், ஆனாலும் 787ஐத் தாண்டிவிடும்.